ஜாக்கியைப் பார்த்தேன், காரைப் பார்க்கவில்லை

1. ஆயில் மாற்றிய காலை

கார் விழுந்தபோது நான் அதன் கீழே இல்லை. கை துடைக்கத் துணி எடுக்கப் போயிருந்தேன். கீழே இருந்தது என் மனைவி எஸ்தரின் வலது கை. அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அசனம். ஊரே கூடிச் சாப்பிடும் நாள். ஆர்கன் வாசிக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

நான் தூத்துக்குடி ஹார்பரில் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன். கிரேன் தூக்கும் முன் கொக்கி, வயர் ரோப் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பது என் வேலை. தூக்கப்படுகிற சரக்கு எப்படி இருக்கிறது என்பது சரக்குக்காரன் கவலை. அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டில் ஆயில் மாற்றக் கிளம்பினேன். ஜாக்கிக்கு கிரீஸ் போட்டேன். முற்றம் மணல் என்பதால் அடியில் பலகை வைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். ஜாக்கி புதுமாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. உப்பு லாரிகள் உப்புத்தண்ணீர் சொட்டவிட்டுப் போகும் ரோட்டில் வருஷக்கணக்காக ஓடிய காரின் அடிப்பாகத்தை மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

பாயை விரித்து உள்ளே நுழைந்தேன். எஸ்தர் வந்து நின்றாள்.

“ஹார்பர்ல தொங்குத லோடுக்குக் கீழ நின்னா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு கத்துனவரு நீங்கதான?”

“ஏளா, இது தொங்கல. ஜாக்கி மேல நிக்குது.”

“ஸ்டெப்னியவாவது அடியில வச்சிட்டுப் படுங்க.”

அவளே அதை உருட்டிவந்து படுக்கவைத்தாள். ஸ்பானர் சுற்ற இடமில்லை என்று நான் காலால் வெளியே தள்ளினேன்.

“நீ போயி கொழம்பப் பாரு.”

“கொழம்பு விழாது. கார்தான் விழும்.”

நான் துணிக்காக எழுந்துபோன நேரத்தில் ஸ்டெப்னியை மறுபடி உள்ளே தள்ளியிருக்கிறாள். ஜாக்கி அசையவே இல்லை. அது முட்டுக்கொடுத்த இடத்துத் தகரம்தான் துருவேறி அப்பளமாக நொறுங்கியது. பாடி இறங்கியது. அதற்கும் ஸ்டெப்னிக்கும் நடுவே அவளுடைய இரண்டு விரல்கள். ஓடிவந்து சக்கர வளைவைப் பிடித்துத் தூக்கினேன். ஸ்பிரிங் கொஞ்சம் இடம் விட்டது, உருவிக்கொண்டாள். ரப்பர் அமுங்கிக்கொடுத்ததால் எலும்பு தப்பியது. ஒரு நகம் போயிற்று.

2. கதவு மேல் போட்ட பழி

அசனத்தன்று வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் சமாளித்து வாசித்தாள். வாசலில் கேட்டவர்களிடம், “கார் கதவுல நசுங்கிட்டு” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஆமா, கதவுதான்” என்றாள். திரும்பும் வழியில் மட்டும் கேட்டாள்: “கதவு என்னங்க பாவம் பண்ணிச்சு?”

என்னைப் பார்த்துப் பழைய ஹார்பர்க்காரர்கள் சிரிப்பார்களே என்றுதான் சொன்னேன். அவள் விரலை விட்டுவிட்டு என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

தம்பிகளே, ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் கான்கிரீட் தரையில். ஜாக்கி வைக்கும் இடத்தை முதலில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உதிர்ந்தால் ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். ஸ்டாண்டில் இறக்கியபின் காரை ஆட்டிப் பார்க்காமல் யாருடைய கையும் அடியில் போகக்கூடாது. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றால், ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுங்கள்.

நகம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணலாக. ஞாயிறுதோறும் ஆர்கன் தெரிகிற பக்கமாகப் போய் உட்காருகிறேன். அவள் முன்பும் அங்கங்கே சுரம் தப்ப வாசிக்கிறவள்தான். நான் தூங்கிவிடுவதால் கவனித்ததில்லை. இப்போது அவள் தப்பும்போதெல்லாம் எனக்கு வேர்க்கிறது.