ஷக்லாவா புல்வெளியில் கைகோத்த வரிசை

நம்புங்கள் என்று யார் காலிலும் நான் விழப்போவதில்லை. எர்பில் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஜின் பிடித்துவிட்டது, ஆவி அடித்துவிட்டது என்று யாராவது வந்தால், இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் திட்டி அனுப்புகிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கே இது நடந்தது. அதுவும் இருட்டில் இல்லை. பட்டப்பகலில், மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போன ஏப்ரல், ஒரு வெள்ளிக்கிழமை. வசந்தம் வந்தால், வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் வீடு தங்க மாட்டார்கள். பாய், டீ கொதிக்கவைக்கிற சமோவார், இலையில் சோறு பொதிந்து வேகவைத்த டோல்மா சட்டி எல்லாவற்றையும் காரில் திணித்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவோம். அன்று நான், என் கணவர் ரேபின், என் தங்கை ஹேலின், மூன்று பேர்தான். அம்மா போன பிறகு ஹேலினை வளர்த்தது நான். மூன்று வாரத்தில் அவளுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அவளோடு ஒரு நாள் ஷக்லாவா மலையில் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வழக்கமான இடத்தில் கால் வைக்க இடமில்லை. ரேபின் இன்னும் மேலே ஓட்டினார். ஒரு வளைவு தாண்டியதும் பச்சைப்பசேல் என்று ஒரு புல்வெளி. ஒரு ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை, ஷக்லாவாவில், காலியான புல்வெளி! அப்போதே என் மரமண்டைக்கு உறைத்திருக்க வேண்டும்.

சட்டியைத் திறந்தபோதுதான் ரொட்டியை மறந்தது தெரிந்தது. ரேபினை நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கீழே கடைத்தெருவுக்குக் காரை எடுத்துப் போனார். மணி 1:40.

அவர் போன கையோடு மூடுபனி இறங்கியது.

2:05. சத்தம் கேட்டது.

தொம்... தொம்... தொம்.

எட்டுப் பேர், புல்வெளியின் அந்தக் கோடியில். கைகோத்து வரிசையாக ஆடிக்கொண்டிருந்தார்கள். எப்போது வந்தார்கள்? கார் இல்லை. பாய் இல்லை. அடுப்பு இல்லை. பாட்டுகூட இல்லை... காலை ஊன்றுகிற சத்தம் மட்டும்.

கை தூக்கி ஸலாம் சொன்னேன். காலை ஊன்றிக்கொண்டே இருந்தார்கள். திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேலினுக்கு ஆட்டத்தைக் கண்டால் கால் நிற்காது. பாட்டில்லாமல் ஆடுகிறார்களே, பாவம் என்று சிரித்தாள். போகாதே என்று நானும் சொல்லவில்லை. எங்கள் ஆட்டத்தில் சேர யாரையும் கேட்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும் இரண்டு பேர் கையைப் பிரித்து நடுவில் புகுந்துவிடலாம். விலகுவதற்குத்தான் ஒரு முறை உண்டு. பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரின் கைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கோத்துவிட்டு, பிறகுதான் விலக வேண்டும். வரிசையில் ஓட்டை விழக்கூடாது.

அவள் ஓடிப்போய் மஞ்சள் உடை போட்ட ஒரு பெண்ணுக்கும் நெட்டையான ஒரு ஆளுக்கும் நடுவில் புகுந்தாள். மணி 2:12.

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னைத்தான் பார்த்தார்கள். என் குடியைக் கெடுக்க வந்தவளே என்பது போல ஒரு பார்வை. அப்படியொரு வெறுப்பை நான் எந்த முகத்திலும் கண்டதில்லை.

இரண்டு அடி முன்னால். ஒரு அடி பின்னால். ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசை ஓரடி நகர்ந்தது. பள்ளத்தாக்கின் பக்கமாக.

ஹேலினின் சிரிப்பு நின்றது.

"அக்கா... கைய விட மாட்டேங்கிறாங்க..."

ஓடினேன். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. நெட்டையன் கை... ஐஸ் பெட்டியில் கிடந்த இறைச்சி மாதிரி இருந்தது. நகங்களுக்குள் மண்.

தொம்... தொம்...

விளிம்புக்கு ஆறடி இருக்கும். கீழே வெள்ளையாகப் பனி. வேறொன்றும் தெரியவில்லை.

வரிசையின் முதல் ஆளாகக் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்த கிழவி திரும்பினாள்.

"வந்தவ வந்தாச்சு. நீ போடி."

ஐந்தடி.

அல்லாவே, என் பிள்ளை...

அப்போதுதான் புத்தியில் தட்டியது. இழுத்தால் வராது. முறைப்படித்தான் விலக வேண்டும்.

நெட்டையன் மணிக்கட்டைப் பிடித்தேன். இன்னொரு கையால் மஞ்சள் உடைக்காரியின் மணிக்கட்டை.

திடுக்கிட்டேன்.

அவள் கை சூடாக இருந்தது.

நாடி துடித்தது.

அவள் உதடு அசைந்தது. மூச்சளவு சத்தம்.

"என்னையும் எடுத்துடு அக்கா..."

நாலடி.

நான் எடுக்கவில்லை. அவள் கையைக் கொண்டுபோய் நெட்டையன் கைக்குள் திணித்தேன். அவன் விரல்கள் மூடிக்கொண்டன. ஹேலினின் கைகள் விடுபட்டன.

ஓடினோம். திரும்பிப் பார்க்கவில்லை.

தொம்... தொம்...

தொம்.

நின்றுவிட்டது.

ரேபின் ரொட்டியோடு வந்தபோது 2:40. பனி விலகியிருந்தது. புல்வெளியில் ஒருவரும் இல்லை. எட்டுப் பேர் மிதித்த இடத்தில் ஒரு புல்கூட மடங்கவில்லை. ஹேலினின் விரல்களில் மட்டும் நீலத் தடம். கல்யாணத்தன்று மருதாணியை அப்பி அதை மறைத்தோம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

ஜூனில் கடைக்கு ஒரு அம்மா வந்தாள். பெயர் குல்பஹார். ஷக்லாவாக்காரி, மகன் வீட்டோடு இருக்க எர்பிலுக்கு வந்துவிட்டாளாம். மருந்துச்சீட்டைத் தேடிப் பையைக் கவிழ்த்ததில் ஒரு போட்டோ மேசைமேல் விழுந்தது. மஞ்சள் உடை. அதே முகம். ஒரு வயதுகூடக் கூடவில்லை.

யார் என்று கேட்டேன்.

"என் பொண்ணு. பதினோரு வருஷமாச்சு. மேட்டுப் புல்வெளியில யாரோ ஆடுறாங்கன்னு போய்ச் சேர்ந்தா. பனி வந்துச்சு. அப்புறம் ஆளே இல்ல."

பள்ளத்தாக்கு முழுக்கத் தேடியும் உடல் கிடைக்கவில்லையாம். அதனால் அவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்றுதான் நம்புகிறாளாம். ஊரார் இவளுக்குப் பைத்தியம் என்கிறார்களாம்.

மாத்திரையை எண்ணிக் கொடுத்தேன். எண்ணும்போது நாலு மாத்திரை கீழே விழுந்தது.

கதவு வரை போனவள் திரும்பினாள்.

"நீ அந்தப் பக்கம் போறதுண்டாம்மா? கண்ணுல பட்டா, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துடு."

சரி என்று சொன்னேன். மாதாமாதம் வருகிறாள். மாதாமாதம் இதையே சொல்லிவிட்டுப் போகிறாள்.