ஜெபம் கேட்டேன், வேலை கிடைத்தது

கணவர் இறந்துபோன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிறன்று சபையில், தனிமை வாட்டுகிறது, ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தேன்.

இன்று திருத்தங்கல் பஸ்ஸில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத் தலைவி மெர்சி அக்கா ஏறினார். "இன்னும் தனிமையாத்தான் இருக்கீகளா?" என்று சத்தமாகக் கேட்டார்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எரிச்சலாக வந்தது.

"ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். இப்ப எறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் அக்கா.

அங்கே செல்வி. பட்டாசு கம்பெனியில் இரண்டு கையும் வெந்துபோனவள். துணைக்கு யாருமில்லை. என்னிடம் இட்லிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு அக்கா கிளம்பிவிட்டார்!

முணுமுணுத்துக்கொண்டே ஊட்டினேன். கடைசி வாய் முடிந்ததும் செல்வி கேட்டாள்: "நாளைக்கு மீன் கொழம்பு கொண்டாறீகளாக்கா?"

நான் ஒழுங்காகச் சமைத்தே பல மாதமாகிறது. காரம் குறைவாக மீன் குழம்பு வைப்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மெர்சி அக்காவிடம் கேட்டால் வார்டு முழுவதற்கும் வைக்கச் சொல்லிவிடுவார்.