பதினோராம் பக்கத்துத் தப்பைச் சொல்லத் தைரியம் கொடுத்தவள்

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, என் நிரூபணத்தில் தப்பு இருப்பதை நானே கண்டுபிடித்தேன். வேறு யாருக்கும் தெரியாது.

நான் கணிதத்தில் பிஎச்டி படிக்கிறேன், நான்காவது வருடம். செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்குதான் என் ஆராய்ச்சி. இரண்டு புரோகிராம்கள் ஒன்றையொன்று எதிர்த்து விளையாடிக் கற்றுக்கொள்கின்றன. கடைசியில் இரண்டும் ஒரு சமநிலையில் வந்து நிற்குமா? நிற்கும் என்று பதினேழு பக்கத்தில் நிரூபித்திருந்தேன். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்று அதை ஏற்றுக்கொண்டும் விட்டது. கட்டுரையில் என் சீனியர் செல்வி அக்காவின் பெயரும் இருந்தது. அதைக் காட்டித்தான் அக்கா ஒரு கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்திருந்தார்.

பதினோராம் பக்கத்தில் ஒரு வரி. அதிலிருந்து அடுத்த வரி வராது. அவ்வளவுதான். ஆனால் அது போனால் எல்லாம் போச்சு.

ஆறு வாரம் அதை எப்படியாவது ஒட்டிவிடப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. முடி கொட்டியது. பேனாவை எடுத்தாலே கை கனத்தது. அழுகைகூட வரவில்லை, அத்தனை அசதி. லீவு சொல்லிவிட்டுக் குளத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன்.

"என்னடி இப்புடி வத்திப்போயி வந்துருக்க? ஒடம்புக்கு என்ன?" என்று பதறினாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. அசதியா இருக்கு."

அவள் நம்பவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. நார்த்தாமலை அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஆறு வாரமாக நான் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்: ஆத்தா, அந்த வரியைச் சரியாக்கிக் கொடு. சன்னதியில் நின்றபோதும் அதுதான் வாயில் வந்தது. ஆனால் முடிக்க முடியவில்லை. தப்பாக இருப்பதைச் சரி என்று ஆக்கித் தரச் சொல்லி அவளிடமே கேட்கிறேனே என்று கூசியது. "சொல்ல மட்டும் தைரியம் குடு ஆத்தா. அப்பறம் ஒன் இஷ்டம்" என்று கும்பிட்டேன்.

எந்த அடையாளமும் தெரியவில்லை. விபூதி வாங்கினேன். பின்னால் வந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே விட்டது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஆறு வாரமாக முடியாதது முடிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை அவருக்கு இன்டர்வியூ.

"அக்கா, நம்ம பேப்பர் தப்புக்கா. அத வச்சுப் பேசிறாதீங்க."

"எத்தன நாளாத் தெரியும்?"

"ஆறு வாரமா."

"அடிப்பாவி. ஆறு வாரமாத் தனியாவா கெடந்த?"

அப்போதுதான் அழுகை வந்தது. பஸ்ஸைக்கூட விட்டுவிட்டோம்.

அடுத்து என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருக்கும் பேராசிரியரிடம் சொன்னேன். "வாபஸ் வாங்கிருவோம். லெட்டரை நீயே எழுதும்மா" என்றார். எழுதினேன். அன்று படுத்தவள் மறுநாள் மத்தியானம் வரை தூங்கினேன்.

அக்கா இன்டர்வியூவில் உள்ளதைச் சொல்லிவிட்டார். வேலை கிடைக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

பத்து நாள் கழித்து, அந்தத் தேற்றத்தைக் காப்பாற்ற நினைக்காமல் உடைத்துப் பார்த்தேன். இருப்பதிலேயே சின்ன உதாரணம், புரோகிராமுக்கு ஒன்றாக இரண்டே எண்கள். வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் கையாலேயே கணக்குப் போட்டேன். எண்கள் நிற்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்தன. வரி மட்டுமல்ல, தேற்றமே பொய்! ஆறு வாரம் நான் நிரூபிக்கப் பார்த்தது நிரூபிக்கவே முடியாத ஒன்று. அது எந்த நிபந்தனையில் உண்மையாகும் என்பதைச் செல்வி அக்காதான் கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்து எழுதிய புதுக் கட்டுரை இந்த வருடம் ஏற்கப்பட்டது. அதில் அக்கா பெயர்தான் முதலில்.

அசதி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் தப்பு தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வெளியே சொல்ல முடியாத ஒன்று தொண்டையில் நிற்கலாம். கேட்டுக் கேட்டு ஓய்ந்தும் போயிருக்கலாம். வேண்டுதலைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சொல்லும் தைரியத்தை ஆத்தா தருவாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் நார்த்தாமலைக்குப் போகிறோம். அவருக்கு இன்னும் வேலை அமையவில்லை. நீங்களும் வாருங்கள், சேர்ந்து கேட்போம்.