ஒரு பஸ், இரண்டு டிரைவர், வருஷத்துக்கு ஒரு எஃப்.சி.

1. கண்ணாடியை ஏற்றி வைக்கிறவன்

ஒரகடத்தில் ஒரு பஸ் கான்ட்ராக்டரிடம் டிரைவராகச் சேர்ந்தபோது எனக்குப் பழைய வண்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஆள் ஏற்றி இறக்கும் ஸ்டாஃப் பஸ். பகல் டிரிப் எல்லாம் நான். சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டு, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு மண்ணூரில் இருக்கும் என் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அப்புறம் இன்னொரு டிரைவர் வந்து நைட் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றப் போவார். காலையில் நான் வருவதற்குள் அவரும் வண்டியை விட்டுவிட்டுப் போயிருப்பார். பெயர் செல்வம், கோவில்பட்டிப் பக்கம், சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார் என்பதெல்லாம் செக்யூரிட்டி சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

ஆளைப் பார்க்காமலே அவர் மேல் எனக்குக் கோபம். தினமும் காலையில் சீட் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருக்கும். உள் கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறடி ஆள் போலிருக்கிறது, கொஞ்சம்கூட அடுத்தவனை நினைக்காதவன் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சரி செய்வேன்.

அந்த வருஷம் எஃப்.சி. வந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று ஆர்.டி.ஓ. ஆட்களிடம் காட்டி வாங்கும் சான்று அது. எங்கள் வண்டி பழசு என்பதால் வருஷம் தவறாமல் காட்டியாக வேண்டும். அது இல்லாமல் ஆள் ஏற்றினால் வண்டியைப் பிடித்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் சில நாட்கள் வண்டி ஷெட்டிலேயே நிற்கும். ஸ்பேர் பஸ் எங்கள் டிரிப்பை ஓட்டும். எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. பகல் டிரைவர், நைட் டிரைவர் இருவரும் எஃப்.சி. வேலைக்கு வந்தாக வேண்டும்.

“ரெண்டு பேரும் இருந்தாத்தான்யா வண்டியோட நோவு முழுசா தெரியும். ஒருத்தன் மறைக்கிறத இன்னொருத்தன் சொல்லிடுவான்” என்பார்.

அன்று ஷெட்டுக்குள் நுழைந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். என் தோளுக்குத்தான் இருந்தார்.

“கண்ணாடியத் தெனமும் எறக்கி வைக்கிற அண்ணாச்சி நீங்கதானா?” என்றார்.

“ஏத்தி வெக்கிறது நீதானா? இம்மாந்தூண்டு கீற, சீட்ட எதுக்குப்பா அவ்ளோ தூரம் தள்ற?”

“ஓட்டுததுக்கு இல்ல அண்ணாச்சி. கம்பெனி வாசல்ல வண்டி நிக்கையில கால நீட்டிக் கொஞ்சம் கண்ணசருவேன். மேல இருக்க லைட்டு கண்ணாடில பட்டு மூஞ்சில அடிக்கும். அதான் அதையும் ஏத்திருதது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நாள் திட்டியதெல்லாம் வீண்.

2. மைதானம்

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு அந்தச் சில நாட்கள் கிடைத்தன. முதலாளி சொன்னது சரிதான். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியாது, செல்வத்துக்குத் தெரியும். படப்பை டிராஃபிக்கில் வெயிலில் நின்றால் இன்ஜின் எப்படிச் சூடாகிறது என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆளுக்குப் பாதி வண்டியைத்தான் தெரிந்து வைத்திருந்தோம். அடிச்சட்டமான சேஸைக் கழுவி, பிரேக் லைனிங் மாற்றி, பெயின்ட் அடித்து, பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அவசர வழிக் கதவு சிக்காமல் திறக்கிறதா என்று பத்து தடவை திறந்து பார்த்துவிட்டு ஆர்.டி.ஓ. மைதானத்துக்குக் கொண்டுபோவோம்.

அங்கே லாரி, வேன், ஸ்கூல் பஸ் எல்லாம் வரிசையில் நிற்கும். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் தொழிலில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். அவர் நம் வண்டிக்கு வரும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லை. வண்டி நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் புளிசாதம் கட்டிக் கொடுத்திருப்பாள். செல்வம் ஊரைப் பற்றிப் பேசுவான். மனைவியும் மகளும் அங்கேதான். பகலில் தூங்கும் அறையில் கூட இருப்பவர்கள் எல்லாம் ஃபேக்டரிப் பையன்கள், ஆளுக்கொரு ஷிஃப்ட்.

“அங்க யாருக்கும் யார் கூடயும் பேச நேரம் கெடையாது அண்ணாச்சி. ஒருத்தன் முழிக்கையில இன்னொருத்தன் தூங்குதான்.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போகும்போது ஏதாவது வேடிக்கையைப் பார்த்தால், இதை எஃப்.சி. அன்றைக்குச் செல்வத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நாள் வருவதற்குள் பாதி மறந்துபோகும்.

3. இடது பக்கம் இழுத்தது

ஒரு வருஷம் பிரேக் டெஸ்டில் மாட்டிக்கொண்டோம். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா, கண்டிப்பானவர். வேகமாக வந்து பிரேக் போடச் சொன்னார். போட்டேன். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாக நின்றது. அவர் தரையில் டயர் தேய்ந்த தடத்தைக் குனிந்து பார்த்தார்.

“டிரைவர், இதுல தெனமும் எத்தன பேரு வர்றாங்க?”

“சீட் ஃபுல்லா வருவாங்க மேடம்.”

“அவங்கள நெனச்சிப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டு வாங்க.”

முதலாளிக்குப் போன் செய்தேன். “ஸ்பேர் பஸ்ஸ நாளன்னிக்கு வேற கம்பெனிக்கு அனுப்பணும்யா. நாளைக்கும் ஃபெயிலாச்சுன்னா இந்தப் பழசு எனக்கு வேணாம், காயலான் கடைக்குத் தள்ளிடுவேன்” என்று வைத்துவிட்டார்.

அன்று ஷெட்டில் மெக்கானிக் லீவு. நாங்களே வலது முன் சக்கரத்தைக் கழற்றினோம். ஆயில் சீல் கசிந்து, புது லைனிங் முழுக்க எண்ணெய். அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காததால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வம் தலையைத் தூக்காமலே சொன்னான்:

“அடுத்த எஃப்.சி.க்கு நான் இருக்க மாட்டேன் அண்ணாச்சி. ஊர்ல ஸ்கூல் பஸ் ஓட்ட ஆள் கேட்டாங்க. வாரேன்னு சொல்லிட்டேன்.”

“இன்னாப்பா திடீர்னு?”

“போன தடவ வீட்டுக்குப் போயிருந்தேன்லா. பாப்பாவத் தூக்கப் போனேன். அவ அம்மா பின்னாடி போயி நிக்கா. யாரோ வந்திருக்காங்கம்மாங்கா.”

புது ஆயில் சீல் மாட்டினோம், லைனிங் மாற்றினோம், அட்ஜஸ்ட் செய்தோம். வேலை முடியும்போது வெயில் இறங்கியிருந்தது. இந்தச் சக்கரத்தோடு முடியாமல் இன்னும் மூன்று சக்கரத்திலும் பழுது இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்துக்கொண்டேதான் போல்ட்டை முறுக்கினேன்.

மறுநாள் பிரேக் போட்டபோது வண்டி நூல் பிடித்த மாதிரி நின்றது. அந்த அம்மா தடத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பாஸ்.

திரும்பும்போது சாவியைச் செல்வத்திடம் கொடுத்தேன். அத்தனை வருஷத்தில் அவன் வண்டி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. முதல் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்பீட் பிரேக்கர் தூரத்தில் வரும்போதே காலை எடுத்துவிடுகிறான். காலி வண்டிதான், இருந்தாலும் திருப்பத்தில் மெதுவாகச் சாய்த்துப் போகிறான்.

“யாருமே இல்லியே, எதுக்குப்பா இப்டி ஓட்ற?”

“காலையில திரும்பையில எல்லாரும் தூங்கிட்டு வருவாங்க அண்ணாச்சி. கை அப்படியே பழகிட்டு.”

நானும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஓடுவதே தெரியவில்லை. ஷெட் வந்துவிடக் கூடாது என்று இருந்தது.

4. இப்போது

அந்த மாதக் கடைசியில் செல்வம் ஊருக்குப் போய்விட்டான். வேறு டிரைவர் வந்தார், நல்ல மனிதர். எங்கள் வண்டியும் பிறகு விலைபோனது. செல்வத்துக்கு நான் எப்போதாவது போன் செய்வேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்கும். “அண்ணாச்சி, டிரிப்புல இருக்கேன், பெறகு கூப்பிடுதேன்” என்பான். அவன் கூப்பிடும்போது நான் டிரிப்பில் இருப்பேன்.

இப்போது அதே ஷெட்டில் நான் சூப்பர்வைசர். யோசித்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. நான் சாவி கொடுத்துவிட்டுக் கிளம்புவதற்கும் அவன் வந்து சாவி வாங்குவதற்கும் இடையில் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இருந்திருக்கும். நான் கொஞ்சம் நின்றிருக்கலாம், அவன் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கலாம். தினமும் பார்த்திருப்போம். எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. புது டிரைவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் வண்டியை ஓட்டும் இன்னொருவனை எஃப்.சி. வரைக்கும் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

“ஷேர் ஆட்டோ போயிடும்ணே” என்று சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு சாயங்காலம், வண்டியை விட்ட பகல் டிரைவரும் எடுக்க வந்த நைட் டிரைவரும் படிக்கட்டுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. சத்தம் போட்டு அனுப்ப வேண்டியவன் நான்தான். கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.