மூடியிருந்த வால்வு

என் கணவர் தி.நகர் துணிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். நாள் முழுக்க நின்றே பழகிய கால்கள் மெல்ல மெல்லத் தரையை விட்டு எழ மறுத்தன. பாதம் ஒட்டிக்கொண்டதுபோலத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் தடுமாறியபோது ஓர் ஆட்டோக்காரர், "இன்னா பெருசு, காலைலயே ஊத்திக்கினியா?" என்றார். இவர் குடித்ததே கிடையாது. பிறகு மறதி வந்தது. ஒருநாள் வாடிக்கையாளர்கள் எதிரிலேயே பேண்ட் நனைந்துவிட்டது. "அண்ணாச்சி, கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க," என்ற முதலாளி மறுபடி கூப்பிடவே இல்லை.

வயதானால் அப்படித்தான் என்றார் ஒரு டாக்டர். நடுக்குவாதம் என்று மாத்திரை கொடுத்தார் இன்னொருவர். தேனாம்பேட்டையில் பார்த்த டாக்டரம்மாதான் ஸ்கேனைப் பார்த்து, மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்றார். சோதனைக்காக முதுகுத்தண்டில் ஊசி குத்தி அந்த நீரில் கொஞ்சம் எடுத்தார்கள். மறுநாள் காலை வார்டு வராந்தாவில் யாரையும் பிடிக்காமல் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"கால் லேசா இருக்கு. கடைக்குப் போயிரலாம் போல," என்றார். அந்த வாரம் முடிவதற்குள் நீர் மறுபடி தேங்கிப் பழையபடி ஆகிவிட்டார்.

நீரை வடிக்கத் தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைக்க வேண்டும், அதில் ஒரு வால்வு இருக்கும். அங்கே நடக்கும் ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்தால் இலவசம் என்றார் டாக்டரம்மா.

"எல்லாருக்கும் ஆபரேஷன் உண்டும்மா. சிலருக்கு வால்வை உடனே திறந்துருவாங்க. சிலருக்குச் சில மாசம் மூடியே இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அப்பதான் குழாயால குணமா, நம்பிக்கையால குணமான்னு தெரியும்."

புரிந்துதான் சம்மதித்தோம். வெளியில் செய்துகொள்ள எங்களுக்கு வசதியில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகும் அவர் நடை மாறவில்லை. வால்வு மூடித்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் திறந்துவிடச் சொல்லி டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன்.

"பாதியில திறந்தா ஆராய்ச்சியே கெட்டுடும்மா. பொறுத்துக்கோங்க."

பொறுத்தோம். குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் வால்வைத் திறந்தார்கள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. காந்தம் போன்ற ஒரு கருவியைத் தலைமேல் வைத்து எடுத்தார்கள். அவ்வளவுதான்.

மறதி போயிற்று. இடுப்பு மட்டும் சரியாகக் கூடவில்லை; யாரையும் பிடிக்காமல் நடக்க முடியாது. தன் நிலைமை முழுதாகப் புரிகிற அளவுக்குப் புத்தி தெளிந்த பிறகு, பல நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

ஆராய்ச்சி முடிந்ததும் எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். குழாய் பலன் தருவது உறுதியாகிவிட்டதாம். எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் தட்டினார்.

டாக்டரம்மா பக்கத்தில் வந்தபோது, "இனிமே வர்றவங்களுக்கு உடனே திறந்துருவீங்கல்ல?" என்று இவர் கேட்டார்.

"ஆமாங்க." அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"அப்பச் சரி."

எனக்குச் சரியில்லை. அன்று வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எங்கள் வீடு இருக்கும் மாடிக்கு அவரைப் படியேற்றினோம்.