முதுகில் தெரிந்த நடுக்கம்

1. கல் மாதிரிப் பெடல்

அந்தக் கார் என் கராஜுக்குள் வருவதற்கு முன்பே அதன் வாடை வந்துவிட்டது. பிரேக் பேட் கருகிய வாடை. ஹட்டனில் பிரேக் வேலை செய்கிறவனுக்கு அது புதிதல்ல; மலை இறங்கி வரும் லொறிகள் தினமும் கொண்டுவருகிற வாடைதான். ஆனால் இந்த முறை அது வந்தது, என் இடுப்பு உயரம்கூட இல்லாத, இரண்டே சீட் உள்ள மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து.

ஓட்டி வந்தவர் யோகேஸ்வரி. லிந்துலையில் பிறந்தவர், தலவாக்கலையில் பெண்களுக்கு டிரைவிங் சொல்லிக்கொடுப்பவர். ஊருக்கே அவர் யோகா மிஸ். பக்கத்து சீட்டில் இருந்து முனகியபடி இறங்கியவர் இம்தியாஸ் முதலாளி, நுவரெலியாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். கார் அவருடையது. ஆசைப்பட்டு வாங்கினார்; வாங்கிய பிறகு இடுப்பு வலி வந்தது. "ஏறிரலாம் பாஸ், எறங்குறதுக்குத்தான் ரெண்டு பேர் வேணும்" என்பார். அவருடைய மனைவிக்குக் கார் பழக்கியது யோகா மிஸ். "சும்மா நிக்கிற காரை அவட்டக் குடுங்க, அவ ஓட்டுறதப் பாருங்க" என்று அந்த மனைவி சொல்ல, முதலாளி கீழ்நாட்டில் இருக்கும் கார் ரேஸ் ட்ராக்கில் பெண்கள் பிரிவுக்கு மிஸ்ஸின் பேரைக் கொடுத்துவிட்டார்.

"என்ன மிஸ், பிரேக்க வறுத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க?" என்றேன்.

"நான் வறுக்கலண்ணே. ட்ராக்கு வறுத்துருச்சு. மூணு நாலு ரவுண்டு நல்லாதான் நின்னுச்சு. பொறகு மிதிக்கிறேன், பெடல் கல்லு மாதிரி இருக்கு, கார் நிக்கவே மாட்டேங்குது. மணல்ல கொண்டுபோய் எறக்கிட்டேன்."

"நான் வேலிக்குப் பின்னால நிண்டு பாத்துக்கிட்டிருக்கன்" என்றார் முதலாளி. "வளைவுல மிஸ் திரும்புவாங்கன்னு பாத்தா நேரா என்கிட்டயே வாறாங்க."

பிரேக் போகும்போது பெடல் நமக்கு ஒரு செய்தி சொல்லும். காலுக்குப் பஞ்சு மாதிரி இறங்கினால், பிரேக் ஒயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. கல் மாதிரி நின்று கார் மட்டும் நிற்காமல் போனால், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துகிற பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. மிஸ் சொன்னது இரண்டாவது. கழற்றிப் பார்த்தேன். முன் பேட் இரண்டும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன.

முதலாளிக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. "இந்தக் கார் நுவரெலியாவுலருந்து கண்டிக்கு எத்தன தரம் எறங்கியிருக்கு? அந்த எறக்கத்துக்குப் போகாத பிரேக்கு, பலகை மாதிரி தட்டையா இருக்கிற ட்ராக்குல எப்படிப் போகும்?"

நியாயமான கேள்வி. மலையில் நாம் இரண்டாம் கியரில் இறங்குகிறோம். காரை முக்கால்வாசி இழுத்துப் பிடிப்பது இஞ்சின்தான். பிரேக் கூடமாட ஒத்தாசை செய்கிறது, அவ்வளவுதான். ட்ராக்கில் நேர் ரோட்டின் கடைசிவரை பறந்துபோய், அங்கே ஒரே மிதி. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு. மலையில் பாஸான பிரேக் ட்ராக்கில் பாஸாகும் என்று மலைக்காரர்களான நாம்தான் நம்புவோம்.

2. எந்தப் பேட் போடுவது

முதலாளி போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முழு ரேஸ் பேட். "பெரிய பெரிய ரேஸ்காரங்க போடுறது. இதையே எடுப்போம்."

"கார் ட்ராக்குக்கு எப்படிப் போகுது முதலாளி?"

"ஓடித்தான் போகுது."

"வரும்போது?"

"ஓடித்தான் வரும். தோள்ல தூக்கிட்டா வருவோம்?"

"அப்ப இது வேணாம்."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பேட்டுக்கும் அது நன்றாகப் பிடிக்கிற சூடு ஒன்று உண்டு. ரேஸ் பேட் சூடு ஏறிய பிறகுதான் கண் விழிக்கும். நானுஓயாவில் மூடுபனி இறங்கியிருக்கும் விடியக்காலையில், வீட்டை விட்டு வெளிக்கிட்டு முதல் வளைவில் மிதிக்கும்போது அது மரக்கட்டை. எதிரே பாடசாலை வேன் வரும். அங்கே நின்று பேட்டுக்குச் சூடேற்றிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் நான் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளைக் கேட்பேன். கார் ரோட்டிலும் ஓடுமா, ட்ராக்கில் மட்டுமா? என்ன பாரம்? என்ன டயர்? நன்றாக ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்டால் பிரேக்கை இன்னும் பலமாக மிதிக்கலாம், சூடும் அவ்வளவுக்கு ஏறும். இந்தக் கார் பாரம் குறைந்தது, சாதாரண ரோட்டு டயர், போக வர மலை ரோடு. ஆகவே இரண்டுக்கும் நடுவில் உள்ள பேட்டை எடுத்தேன்: குளிரிலும் பிடிக்கும், ட்ராக்கில் ஒரு இருபது நிமிட ஓட்டத்தையும் தாங்கும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வகை. முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை போட்டால் கார் எந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும். பிரேக் ஒயிலையும் முழுதாக மாற்றினேன்.

புதுப் பேட்டைப் பழக்கவும் வேண்டும். ஓரளவு வேகத்தில் போய் அழுத்தி மிதித்து, முழுவதும் நிற்பதற்குள் விட்டுவிட்டு, மறுபடி வேகமெடுத்து மறுபடி மிதித்து, பேட்டின் மெல்லிய படிவு டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படியும்படி செய்ய வேண்டும். அதற்குத் தட்டையான, நேரான, ஆளில்லாத ரோடு வேண்டும். எங்கள் ஊரில் அப்படி ஒன்றைத் தேடுவது கடலில் டீக்கடை தேடுகிற மாதிரி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நுவரெலியா வாவிக்கரைப் பக்கம் போனோம்.

"நடுவுல முழுசா நிப்பாட்டக் கூடாதாண்ணே?"

"கூடாது மிஸ். சூடான பேட்டு டிஸ்க்ல ஒரே எடத்துல அழுத்திக்கிட்டு நின்னா அங்கேயே ஒட்டிரும். நிக்க வேண்டி வந்தா பிரேக்லருந்து கால எடுத்துருங்க."

"சரி, கால எடுத்துர்றேன்."

சொன்னபடியே செய்தார். சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

3. இரண்டாவது முறை, மூன்றாவது முறை

அடுத்த முறை ட்ராக்கில் முதல் ஓட்டம் அருமை என்று போனில் சொன்னார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டு இரண்டாவது ஓட்டத்துக்குப் போனால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கார் நடுங்கியது. வேகத்தில் மிதித்தால் பல் கிட்டுகிற அளவு நடுக்கம். மிஸ் பயந்து பிரேக்கை முன்கூட்டியே தொட, எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

முதலாளிக்குப் பொறுமை இல்லை. வரும் வழியிலேயே கண்டியில் தெரிந்த ஒரு கராஜில் நிறுத்தினார். டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி, முன் டிஸ்க், முன் பேட் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அடுத்த முறையும் அதே நடுக்கம், இப்போது முதல் ஓட்டத்திலேயே.

திரும்பி என்னிடம் வந்தபோது முதலாளி காரை விட்டு இறங்கவே இல்லை.

"பாஸ், அடுத்த மாசம் பொம்பளைங்க ரேஸ். கொழும்புல ஒருத்தர் காரைக் கேக்குறார். ரேஸுக்கு வாங்க, பாத்துட்டுப் பேசுவம்னு சொல்லியிருக்கேன். அண்டைக்கும் இப்படி ஆடிச்சுன்னா அங்கேயே சாவியக் குடுத்துட்டு பஸ்ல வந்துருவேன். இதுக்கு மேல ஏலாது."

அவர் டீக்கடைப் பக்கம் போன பிறகு யோகா மிஸ் காரின் மேல் கை வைத்தபடி நின்றார். மாணவிகளிடம் அதட்டிப் பேசுகிற குரல் இறங்கியிருந்தது.

"இத வித்துட்டா எனக்கு இன்னொரு கார் யாருண்ணே தருவா? காலையிலருந்து பொழுதுபடுறவரை பக்கத்து சீட்ல உக்காந்து மத்தவங்க ஓட்டுறதப் பாக்குறேன். மாசத்துல அந்த ஒரு நாள்தான் நான் ஓட்டுறேன்."

4. கையிலா, முதுகிலா

அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரை நான் கொஞ்சத் தூரம் ஓட்டினேன். மிதித்தேன். நடுங்கியது.

"மிஸ், ட்ராக்குல நடுங்கும்போது எங்க தெரிஞ்சுச்சு? ஸ்டியரிங் புடிச்ச கையிலயா, சீட்ல சாஞ்ச முதுகுலயா?"

கண்ணை மூடி யோசித்தார். "முதுகுலதாண்ணே. கை சும்மாதான் இருந்துச்சு."

எனக்கும் முதுகில்தான் தெரிந்தது. முன் டிஸ்க்கில் கோளாறு என்றால் ஸ்டியரிங் ஆடும். முதுகு ஆடினால் கோளாறு பின்னால். நடுக்கம் வந்த பிறகு எல்லோரும் முன்பக்கத்தையே பார்த்தோம், ஏனென்றால் பெரிய வேலை செய்வது முன் பிரேக். பின் பிரேக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க்கில் ஒரே இடத்தில் கருநீலமாக ஒரு தழும்பு. பேட்டை வைத்துப் பென்சிலால் கோடு போட்டது மாதிரி அதே வடிவம், அதே அளவு. மற்றப் பக்கமும் அப்படியே. சூடான பேட் அந்த இடத்தில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறது. சக்கரம் சுற்றும்போது அந்தத் தழும்பு வரும் நேரமெல்லாம் பிரேக் கவ்வி விடுகிறது. அதுதான் நடுக்கம்.

ஆனால் உட்கார வைத்தது யார்?

"மிஸ், ஓட்டம் முடிஞ்சு உள்ள வந்தவொடன என்ன செய்வீங்க? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க."

"கொண்டாந்து நிப்பாட்டுவேன். நீங்க சொன்ன மாதிரி பிரேக்லருந்து கால எடுத்துருவேன். இஞ்சின ஆப் பண்ணுவேன். எறங்குவேன்."

"கால எடுக்குறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன, ஹேண்ட் பிரேக்க இழுப்பேன்." சொன்னபோதே கை தானாக இடப்பக்கம் இழுத்துக் காட்டியது. "அது போடாம யாராச்சும் கால எடுப்பாங்களா?"

கராஜில் தன் லொறிக்காகக் காத்திருந்த மணியம் டிரைவர் பெஞ்சிலிருந்தே சொன்னார்: "போடாம எறங்குனா எங்க அப்பா என்னைய வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டாரு."

இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் இழுப்பது பின் பேட்டைத்தான். ட்ராக்கில் இருந்து கொதிக்கக் கொதிக்க வந்து, ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் அந்தப் பேட் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் தடவை இது நடக்கவில்லை. பின்பக்கம் சூடாகும் முன்பே முன் பேட் கைவிட்டு, கார் மணலுக்குப் போய்விட்டது.

விளக்கிச் சொன்னேன். மிஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, நான் பழக்குற புள்ளைகளுக்கு மொதோ நாள் சொல்றதே இதுதான். ஹேண்ட் பிரேக்கு, பொறகு மத்ததெல்லாம். எங்க ரோட்டுல அத மறந்தா கார் கீழ இருக்கிற கோயிலுக்குள்ள போய் நிக்கும்."

"உங்க ரோட்டுல சரி மிஸ். அங்க ட்ராக்குல நிப்பாட்டுற எடம் தட்டை."

"தட்டைன்னு கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே. கை அதுவா போகுது."

அந்த ஒரு பேச்சுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். பேட்டை மாற்றலாம், டிஸ்க்கை மாற்றலாம். கையை என்ன செய்வது?

மணியம்தான் எழுந்து போய்த் தன் லொறியில் இருந்து ஒரு அடைக்கட்டையை எடுத்து வந்தார். சக்கரத்துக்கு அடியில் வைக்கிற ஆப்புக்கட்டை. "கைக்கு நம்பிக்கை வரணும்னா கட்டை போடணும். கட்டையப் பாத்துட்டா ஹேண்ட் பிரேக்கே வேணாங்க."

5. கட்டையோடு ரேஸுக்கு

பின் டிஸ்க் இரண்டையும் லேத் பட்டறையில் கொடுத்து லேசாகச் சீவினேன். பின் பேட்டின் முகத்தை எமரி பேப்பரில் தேய்த்து, வாவிக்கரையில் மறுபடி பழக்கினோம். பேட் அதே பேட்தான். கண்டியில் போட்ட முன் பேட்டை மட்டும் கழற்றிவிட்டு, நான் முதலில் தெரிந்தெடுத்த வகையையே போட்டேன். முதலாளி, "மாத்தினதையே மாத்துறீங்களே" என்று முணுமுணுத்தார்.

ரேஸ் நாளில் நானும் பஸ்ஸில் போனேன், கட்டையோடு. காலையில் பயிற்சி ஓட்டம். கடைசி ரவுண்டைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, சக்கரத்துக்குக் காற்றுப் பட விட்டு வரச் சொல்லியிருந்தேன். அப்படியே வந்தார். நின்றதும் கை ஹேண்ட் பிரேக் லீவருக்குப் போனது. நான் குனிந்து கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன், அவருக்குக் கேட்கும்படி. மிஸ் அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கியரில் போட்டுவிட்டு இஞ்சினை நிறுத்தினார்.

பக்கத்துக் காருக்கு வேலை செய்துகொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். ஒருவர் சிங்களத்தில் கேட்டார், இதென்ன லொறியா என்று. லொறியிடம் கடன் வாங்கியது என்றேன்.

கொழும்புக்காரர் வந்திருந்தார். முதலாளியோடு வேலிக்குப் பின்னால் நின்றார். ரேஸ் தொடங்கியது. நான் காரைப் பார்க்கவில்லை; நேர் ரோட்டின் முடிவில் பிரேக் மிதிக்கும் இடத்தில் அதன் வால்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ரவுண்டில் ஆடவில்லை. ஐந்தாவதில் ஆடவில்லை. அதன் பிறகு மிஸ் பிரேக்கை மற்றவர்களைவிடத் தாமதமாக மிதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ரவுண்டிலும் யாரோ ஒருவர் பின்னால் போனார். கடைசியில் மூன்றாவதாக வந்து முடித்தார்.

கார் உள்ளே வந்து நின்றதும் கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். கொழும்புக்காரர் முதலாளியிடம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல தொர, விக்கிறதா இல்ல" என்றார் முதலாளி. "இதுக்கு டிரைவர் இருக்காங்க."

காருக்குள் இருந்த யோகா மிஸ்ஸுக்கு அது கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டினார்.

இப்போது ஸ்போர்ட்ஸ் காரோடு யார் வந்து எந்தப் பேட் நல்லது என்று கேட்டாலும், நான் முதலில் பேட் பெட்டியைத் திறப்பதில்லை. "காரை அந்த முற்றத்துல ஒருக்கா நிப்பாட்டிக் காட்டுங்க" என்பேன். எப்படி ஓட்டுகிறார் என்பதை எல்லோரும் கவனித்துக்கொள்வார்கள். எப்படி நிறுத்துகிறார், நிறுத்திய பிறகு கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியது நம்முடைய வேலை. பேட் காருக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. அந்த ஆளின் பழக்கத்துக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பேட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் பழக்கத்துக்கு மாற்று என்ன என்று தேட வேண்டும்.

அந்த ரேஸ் நாள் மாலை, முதலாளி பஸ்ஸில் ஏறிவிட, நானும் மிஸ்ஸும் காரில் மலையேறி வந்து என் கராஜ் வாசலில் நின்றோம். சரிவான வாசல். தொட்டுப் பார்த்தேன், சக்கரம் ஆறிக் குளிர்ந்திருந்தது. மிஸ் காலைப் பிரேக்கில் வைத்தபடியே கண்ணாடியை இறக்கினார்.

"அண்ணே, இங்க போடலாம்ல?"

"போடுங்க மிஸ். இது ஹட்டன்."

நன்றாக இழுத்துப் போட்டார்.