மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

செய்தி வாட்சப் குழுவில் வந்தது. குயின் ஸ்திரீட்டில் மருந்தகம் வைத்திருந்த கமாலுதீன் காலமானார், பகல் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்று இரண்டே வரி. நான் நம்பவில்லை. உயிரோடிருக்கும் இரண்டு பேருக்கு ஏற்கெனவே இரங்கல் தெரிவித்த குழு அது. கடைக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பஸ் பிடித்துப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜவுளிக்கடையில் கேட்டேன், எதிரே மசாலைக் கடையிலும் கேட்டேன். மூன்றாவது ஆளும் அதையே சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அதற்குள் நல்லடக்கம் முடிந்துவிட்டது.

என் குணம் அப்படி. சுங்கத்துறையில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு திறக்கப் பெட்டி இல்லாமல் மனிதர்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கமாலுதீனைத் தெரிந்த உங்களில் பலருக்கு, அவரைப் பற்றி நான் காப்பிக்கடையில் சொல்லித் திரிந்த கதையும் தெரிந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடம் நான் முதலில் போனது ஒரு இருமலுக்கு. போன தடவை டாக்டர் கொடுத்த அதே ஆண்டிபயாட்டிக் வேண்டும் என்று காலி அட்டையை நீட்டினேன். தரவில்லை. எத்தனை நாளாக இருமல், காய்ச்சல் உண்டா, சளி என்ன நிறம், படியேறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். கேள்வி கேட்பது என் தொழில், என்னிடமே ஒருவர் கேட்டால் எப்படி இருக்கும்? சரக்கு இல்லாமல்தான் மழுப்புகிறார் என்று முடிவு கட்டினேன். வெந்நீர் குடிக்கச் சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். இருமல் நான்கு நாளில் போய்விட்டது. தானாகப் போனது என்று வீட்டில் சொன்னேன்.

மருந்துப் பெட்டியைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்காமல் நான் எதையும் வாங்க மாட்டேன். மற்ற கடைகளில் இதற்கு முகம் சுளிப்பார்கள். கமாலுதீன் சுளிக்கவில்லை. சில மாதங்களில், நான் உள்ளே நுழைந்தாலே தேதி என் பக்கம் இருக்கும்படி பெட்டியை வைத்து, தம்முடைய மூக்குக்கண்ணாடியையும் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். "பாருங்க, கஸ்டம்ஸ் அண்ணே" என்பார். கிண்டலா மரியாதையா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் என்னை அண்ணே என்றார். நான் அவரை மிஸ்டர் கமால் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நோன்பு மாதத்தில், என் மனைவி அமுதாவுக்கு இடது நெற்றியில் எரிச்சல் கண்டது. சீப்பு பட்டாலே தலை எரிகிறது என்றாள். தைலம் தேய்த்தோம். இரண்டு நாள் கழித்து நெற்றியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். சுங்கை பாக்காப்பிலிருந்து அவள் அக்கா வந்து பார்த்த உடனே, இது அக்கிதான், எழுதினால் இறங்கிவிடும் என்று தம் ஊருக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பெரியவர் செங்காவியைக் குழைத்து நெற்றியிலிருந்து மூக்கு வரை பூசி, அதன்மேல் சிங்க உருவம் எழுதி அனுப்பினார். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது என்பது கட்டளை. டாக்டர்களைவிட எனக்கு அந்தப் பெரியவர் மேல் நம்பிக்கை அதிகம். அவர் எதையும் விற்கவில்லை அல்லவா.

மறுநாள் மாலை வலி தாங்காமல் அமுதா துடித்தாள். வலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனோம். தலையில் முக்காடு போட்டுத்தான் வந்தாள். கமாலுதீன் மாத்திரையை எடுக்காமல் நாற்காலியை எடுத்துப் போட்டார். எரிச்சல் முதலில் வந்ததா கொப்புளம் முதலில் வந்ததா, கொப்புளம் என்றைக்கு வந்தது, வலது பக்கம் ஏதாவது உண்டா, சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா, வெளிச்சத்தில் கண் கூசுகிறதா என்று கேட்டார். முந்தின நாள்தான் கொப்புளம் வந்தது, எல்லாம் இடது பக்கம் மட்டும், காலையிலிருந்து கண் கூசுகிறது என்றாள் அமுதா. கூசுவதை என்னிடம்கூட அவள் சொல்லவில்லை.

காவியைக் கொஞ்சம் துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் குறுக்கே புகுந்தேன். அழிக்கவும் கூடாது, இவரிடம் களிம்பு வாங்கவும் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"இதுக்கு விக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லண்ணே. எழுதினத அழிக்க வேணாம். மூக்கு நுனி மட்டும் பாத்துக்கிறேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அமுதா முகத்தை நீட்டினாள். ஈரப் பஞ்சால் ஒற்றினார். செங்காவிக்கு அடியில், மூக்கு நுனியில், ஒரே ஒரு கொப்புளம் இருந்தது. கமாலுதீன் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் ஒரே நரம்பு, அதே நரம்பு கண்ணுக்கும் போகிறது, அக்கி கண்ணில் இறங்கினால் பார்வை போகலாம் என்றார். இதற்கான மாத்திரையை டாக்டர் எழுதித்தான் தர முடியும், கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது, கண் என்றால் அந்த மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார்.

எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. தன்னிடம் விற்க ஒன்றுமில்லை என்பவர் நம்மை எங்கேயோ அனுப்புகிறார் என்றால் அங்கே அவருக்கு ஏதோ இருக்கிறது. "எந்த டாக்டர்?" என்று அழுத்திக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டில் கொப்புளம் கண்ட நாள், இடம், கண் கூச்சம் எல்லாம் எழுதினார். டாக்டர் பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார்.

"என்னைச் சந்தேகப்படுங்கண்ணே, பரவால்ல. நீங்க நம்புற டாக்டர் யாரோ, அவருகிட்ட போங்க. ஆனா இன்னைக்கே போங்க."

போனேன். ஆனால் எப்படிப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் இருந்த கிளினிக்குக்குப் போகவில்லை, அடுத்ததற்கும் போகவில்லை. அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லாத ஒன்றாகத் தேடிப் ஊரின் இன்னொரு கோடியில் பூலாவ் திக்குஸ் பேட்டை வரை காரை ஓட்டினேன். பக்கத்தில் அமுதா கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். அங்கே காத்திருந்தபோது கிளினிக் போன் அடித்தது. எடுத்த பெண் அமுதாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, மலாயில், ஆமாம் வந்திருக்கிறார் என்று சொல்லி வைத்தாள். யார் என்று கேட்டேன். ஃபார்மசி என்றாள். எனக்கு எவ்வளவு திருப்தி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆள் சிக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

டாக்டர் அன்றே மாத்திரையைத் தொடங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கடிதமும் கொடுத்தார். மறுநாள் அங்கே பார்த்தபோது கருவிழியில் ஆரம்பித்திருந்தது. ஒன்றரை மாதம் சொட்டு மருந்து. முதல் இரண்டு வாரம் இடது கண்ணுக்கு எல்லாம் புகையாகத் தெரிந்தது. பிறகு மெல்லத் தெளிந்தது.

தெளிந்ததும் நான் செய்த முதல் வேலை கமாலுதீனிடம் போய், பூலாவ் திக்குஸ் டாக்டர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. அவர் சிரித்தார். "அக்கா கண்ணு எப்படிண்ணே?" என்று திருப்பிக் கேட்டார். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவன் பெட்டியில் கட்டாயம் ஏதாவது இருக்கும், அது எங்கள் தொழில் பாடம். அவருக்குக் கமிஷன் இல்லாத கிளினிக்கே இந்தத் தீவில் இல்லை என்று காப்பிக்கடையில் சொன்னேன். கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். அடுத்த முறை போனபோதும் பெட்டியின் தேதி என் பக்கம்தான் இருந்தது.

நல்லடக்கம் முடிந்த மறுநாள் ஜெலுத்தோங்கில் அவர் வீட்டுக்கு நானும் அமுதாவும் போனோம். கடையில் அவருக்கு உதவியாக இருந்த மகள் ஹலிமா வாசலில் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். அமுதாவின் நெற்றியில் இன்னும் இருக்கும் லேசான தழும்பைப் பார்த்தாள்.

"அன்னைக்கி அத்தா நோன்பு தொறக்க வீட்டுக்கு வரலக்கா. ஒரு பேரீச்சம்பழத்த வாயில போட்டுக்கிட்டு கிளினிக் கிளினிக்கா போன் அடிச்சாரு, நெத்தியில காவி பூசின அம்மா வந்தாங்களான்னு. எங்க போவீங்கன்னுதான் அவருக்குத் தெரியாதே. ஒம்பதாவதுல வந்திருக்காங்கன்னு சொன்னப்புறம்தான் சோத்துல கைய வச்சாரு."

காப்பிக்கடையில் நான் சொன்னது பொய். கமாலுதீன் அண்ணன் எந்தக் கிளினிக்கிலும் எதுவும் வாங்கியதில்லை. இதை அவர் இருக்கும்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஹலிமா சொல்லி முடித்ததும் அமுதா திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.